கரண்ட் இல்லாத சாஸ்தா கோயிலில் இரண்டு நாள்: மரத்தடியா, கிடுகுப் பந்தலா, தார்ப்பாயா, டென்டா?

குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிடப் போகிற பங்குனி உத்திரம் நெருங்க நெருங்க சென்னை, பெங்களூர், மும்பைப் பக்கம் இருக்கிற நம் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "எங்க சாஸ்தா கோயில் ஊரைவிட்டு உள்ளே தள்ளி, உடங்காட்டுக்குள்ள, அதான் உடைமர முள்ளுக்காட்டுக்குள்ள, இருக்கு. கரண்ட் கிடையாது. ஆச்சியிலேருந்து கைப்பிள்ளை வரைக்கும் எல்லாரும் வர்றாங்க. ரெண்டு நாள் தங்கணும். வெயிலுக்கு என்ன செய்யறது? டென்ட் வாங்கிரலாமா?"

பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிந்தன. ஆனால் குலதெய்வம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து யாரும் போவதில்லை. மேற்கே மலையடிவாரம், நடுவே வறண்ட சமவெளி, கிழக்கேயும் தெற்கேயும் தேரி என்கிற செம்மணல் மேடும் கடலும் என்று கோயில்கள் விரிந்து கிடக்கின்றன. பங்குனி உத்திரத்துக்குச் சொல்வது சித்திரையில் வருகிற கொடைக்கும், அதாவது கோயில் திருவிழாவுக்கும், பொருந்தும். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குபவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வித்தியாசம் வருகிற இடத்தில் சொல்கிறேன்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு இது இல்லை. அது இல்லாமலே இரண்டு நாளை நன்றாகக் கழிக்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன். காசை எதில் முதலில் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எதை வைத்து அளப்பது

நான் முதலில் பார்ப்பது தலைக்கு மேலிருந்து இறங்குகிற சூட்டை. திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்கே 8.7 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 12, 13 வாக்கில், அதாவது சித்திரை பிறக்கிற நேரத்தில், நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. பங்குனி உத்திரம் அதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ முன்னால் வரும், ஆகவே அப்போதும் வெயில் கிட்டத்தட்ட செங்குத்துதான். அந்த நேரத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் இறங்குகிறது. பக்கத்தில் கட்டுகிற படுதாவால் அப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை. கூரைதான் காப்பாற்ற வேண்டும். அந்தக் கூரை வெயிலை மறைத்தால் மட்டும் போதாது. தான் சூடேறி, அந்த அனலைக் கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் இறக்காமலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது காற்று. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் உடம்பே ஏறத்தாழ 100 வாட் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவுக்கு. ஐந்து பேரை ஒரு மூடின இடத்தில் உட்காரவைத்தால் ஐந்து பல்பு. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், வியர்வை காயக் காற்று ஓட வேண்டும்.

மூன்றாவது இரவு. பகலுக்கு நல்லதாக இருக்கிற ஏற்பாடே இரவில் புழுக்கமாக மாறலாம். இதைப் பலர் யோசிப்பதில்லை. நான்காவது, கார் நிற்கிற இடத்திலிருந்து கோயில் வரை எதைத் தூக்கிக்கொண்டு போக முடியும், கட்ட எத்தனை ஆள் வேண்டும் என்பது. ஐந்தாவது ஆபத்து: தீ, தேள், பாம்பு, விழுகிற கிளை, பிய்த்துக்கொண்டு போகிற காற்று. விலையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். இரண்டு நாள் கூத்துக்கு இந்த நான்கில் எதுவுமே குடும்பத்தைக் கடனாளி ஆக்கிவிடாது. ஆனால் தப்பானதை வாங்கிவிட்டால் மதியம் பன்னிரண்டு மணிக்கு அதை மாற்ற வழி கிடையாது.

மரத்தடியும் நார்க்கட்டிலும்

நல்ல மரம் கிடைத்தால் அதற்கு மிஞ்சின கூரை கிடையாது. இலை தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் வெயிலில் நின்றாலும் தகரம்போலச் சூடேறாது. மேலும் மரத்தில் ஒரு கூரை இல்லை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக எத்தனையோ கூரை. சுவரும் கிடையாது, எந்தப் பக்கத்துக் காற்றும் வரலாம்.

ஆனால் எந்த மரம் என்பது முக்கியம். ஆல், புளி, இலுப்பை, வேம்பு, ஆற்றங்கரை என்றால் மருதம்: இவையெல்லாம் அடர்ந்த நிழல். நம் பக்கத்துச் சாஸ்தா கோயில்கள் பலவற்றைச் சுற்றி இருப்பதோ உடைமரம். பார்க்கக் குடை விரித்ததுபோல அழகாக இருக்கும், இலை பொடிப்பொடியாக இருப்பதால் நிழலில் பாதி வெயிலாக இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் அடியில் கிடக்கிற முள். வெள்ளை வெளேரென்று, இரட்டை இரட்டையாக, விரல் நீளத்துக்கு. ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். காலையில் பெருக்கின இடத்தில் பத்து மணிக் காற்றுக்கு மறுபடி விழுந்து கிடக்கும். மேலே மண்ணைப் போட்டு மூடினால் முள் போய்விடாது. பிள்ளைகள் ஓடும்போதுதான் தெரியும். உடைமரத்தடி என்றால் பெருக்குமாறும் கனமான சாக்கும் கட்டாயம் வேண்டும், முள் பிடுங்க ஊக்கும் இடுக்கியும் கைப்பையில் இருக்க வேண்டும்.

நார்க்கட்டில் என்று சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தரையில் விரித்துப் படுத்தால் முதுகுப் பக்கம் முழுக்க அடைபட்டுவிடும். கட்டிலில் கீழேயிருந்தும் காற்று வரும், தேள் பூரான் பயமும் பாதி குறையும். பனைநார்க் கட்டில் இப்போது அருகிவிட்டது, ஊருக்குள் தெரிந்தவர் வீட்டில் கேட்டால் ஒன்றிரண்டு கிடைக்கும். நைலான் பட்டை பின்னின கட்டிலும் பரவாயில்லை. காற்றடித்த ரப்பர் மெத்தையும் ஸ்பாஞ்சுப் பாயும் மட்டும் வேண்டாம், வியர்வையில் மிதப்பீர்கள். கட்டில் கிடைக்காதவர்கள் கோரைப்பாய்க்குப் போகலாம். பத்தமடையின் பட்டுப்பாய் வேண்டியதில்லை, சாதாரணக் கோரை போதும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று: திருவிழா அன்று மரம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. முந்தின நாள் சாயங்காலமே போய்ப் பாய் விரித்தவருக்குத்தான் இடம். இன்னொன்று, பட்ட கிளை. அண்ணாந்து ஒரு முறை பார்த்துவிட்டு அதற்கு நேர் கீழே இல்லாமல் இடம் பிடியுங்கள். செவ்வெறும்புக் கூடு இருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

இரவானால் கட்டிலை மரத்துக்கு வெளியே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தரையும் உடம்பும் பகலில் வாங்கின சூட்டைத் தெளிந்த வானத்தைப் பார்த்து விட்டுவிடும், மேலே அடர்ந்த கிளை இருந்தால் அது நடக்காது. திறந்த வெளியில் பத்து மணிக்கு மேல் சுகமாகவே இருக்கும். நான்கு கம்பு நட்டு வெள்ளைக் கொசுவலை கட்டிக்கொண்டால் சரி.

கிடுகுப் பந்தல்

நிழல் மரம் இல்லாத இடத்தில் என் ஓட்டு இதற்குத்தான். முடைந்த தென்னங்கிடுகு தடிமனாக இருக்கும், உள்ளே காற்றை அடக்கி வைத்திருக்கும். மேல்பக்கம் காய்ந்தாலும் அடிப்பக்கம் கைவைத்துப் பார்க்கிற அளவுக்குத்தான் இருக்கும். சூடான காற்று இடுக்கு வழியாக மேலே போய்விடும். முன்னே சொன்ன உச்சிவெயில் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான கூரை காசுக்குக் கிடைக்காது. பனையோலைப் பந்தலும் இதே சாதிதான், தேரிக்காட்டுப் பக்கம் அதுதான் எளிதாகக் கிடைக்கும்.

பந்தல்காரரிடம் பேசும்போது "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடக் கூடாது. "அண்ணாச்சி, கிடுகு ஒத்தை அடுக்கா ரெட்டை அடுக்கா? உயரம் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒற்றை அடுக்கில் பொட்டுப் பொட்டாக வெயில் விழும். ஆறடியில் போட்டால் வேலை சுலபம், செலவு குறைவு, அதனால் அப்படித்தான் போட்டுவிட்டுப் போவார்கள். எட்டு, ஒன்பது அடியில் போடச் சொல்லுங்கள். சூடு தலைக்கு மேலே தங்கும், காற்றும் தாராளமாக வரும். நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். மேற்குப் பக்கம் மட்டும் ஒரு தட்டி வைத்துக்கொண்டால் மூன்று மணிக்கு மேல் சாய்வெயிலுக்குச் சாத்திக்கொள்ளலாம்.

செலவு கிடுகில் மட்டும் இல்லை. கம்பு, கயிறு, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, முடிந்தபின் அவிழ்க்கிற கூலி எல்லாம் தனி. உத்திரத்தின்போது எல்லாக் கோயிலுக்கும் ஒரே நாள் என்பதால் பந்தல்காரர் கிடைப்பதே பாடு. மாசியிலேயே சொல்லிவைக்க வேண்டும். கார்ப்பாதையிலிருந்து அரைக் கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டிய கோயில் என்றால் கூலி ஏறும்.

தீயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ந்த கிடுகில் பொறி பட்டால் தண்ணீர் எடுக்க ஓடுகிற நேரம்கூடக் கிடைக்காது. பொங்கல் அடுப்பு பந்தலிலிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளி, காற்று அடுப்பிலிருந்து பந்தலைப் பார்த்து அடிக்காத பக்கத்தில் இருக்க வேண்டும். பந்தலுக்குள் சூடமும் வேண்டாம், குத்துவிளக்கும் வேண்டாம், கொசுவத்தியும் வேண்டாம். இரண்டு குடம் தண்ணீரும் ஒரு குவியல் மணலும் எப்போதும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். அடுக்கி வைத்திருந்த பழைய கிடுகைப் பிரிக்கும்போது தேள் இருக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

பதினைந்து பேருக்கு மேல், இரண்டு பகலும் அங்கேயே என்றால் இதுதான் சரி. ஐந்து பேர் ஒரு பகல் மட்டும் இருப்பதற்கு இது அதிகப்படி.

தார்ப்பாய்

மடித்தால் ஒரு பைக்குள் அடங்கிவிடும், இரண்டு பேர் அரைமணி நேரத்தில் கட்டிவிடலாம், நாலைந்து வருஷம் உழைக்கும். அதனால்தான் எல்லோரும் இதற்குப் போகிறார்கள். குறை என்னவென்றால், கடையில் முதலில் கைக்கு வருகிற அந்த நீலத் தார்ப்பாய் வெயிலை மறைக்கும், ஆனால் தானே கொதித்துவிடும். மதியம் அதன் கீழே நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சந்தலையில் அனல் இறங்குவது தெரியும். இது காற்றின் சூடு இல்லை, தார்ப்பாயிலிருந்து நேராக வருகிற வெக்கை. ஆகவே விசிறினாலும் போகாது.

இதற்கு மலிவான வைத்தியம் உண்டு. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பழைய வேட்டிகளையோ நூல் புடவைகளையோ இன்னொரு கூரையாக இழுத்துக் கட்டுங்கள். மேலே இருப்பது வெயிலை வாங்கிக்கொள்ளும், கீழே இருப்பது அதன் அனலைத் தடுத்துவிடும், நடுவே ஓடுகிற காற்று சூட்டைக் கொண்டுபோகும். ஒரு பக்கம் வெள்ளி நிறமாக இருக்கிற தார்ப்பாய் கிடைத்தால் வெள்ளிப் பக்கம் மேலே. நாலு மூலையையும் ஒரே உயரத்தில் கட்டாமல் காற்று வருகிற பக்கத்தை உயர்த்திக் கட்டுங்கள். இவ்வளவும் செய்தால் ஒற்றை அடுக்குக் கிடுகுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பங்குனியில் இது தாங்கும். ஆடியில் கவனம் வேண்டும். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வருகிற மேல்காற்றை நம்பித்தான் கயத்தாற்றிலும் பணகுடியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் தார்ப்பாய் இரவு முழுக்கப் படபடக்கும், கொக்கிக்கண் பிய்ந்துவிடும். தாழ்வாகக் கட்டி, மேற்குப் பக்கத்தைத் தரையோடு இறக்கிவிட வேண்டியிருக்கும்.

டென்ட்

இணையத்தில் அழகாகத் தெரிகிற பொருள் இதுதான், நம் வெயிலுக்கு நால்வரில் கடைசியும் இதுதான். குளிரையும் மழையையும் வெளியே நிறுத்துவதற்காகச் செய்த பொருள் அது. மெல்லிய துணி, தாழ்ந்த கூரை, சுற்றிலும் சுவர். காலை ஒன்பது மணிக்கு மேல் உள்ளே போனால் வெளியே நிற்பதைவிட மோசமாக இருக்கும். பிள்ளை தூங்குகிறது என்று பகலில் டென்டுக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு வருவது உயிருக்கே ஆபத்து. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. பெண்கள் புடவை மாற்ற மறைவு வேண்டும். திறந்தவெளிக் கோயிலில் இது சின்ன விஷயம் இல்லை. இரவில் கொசு, பூரான், பாம்பு எதுவும் உள்ளே வராது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு போனால் சாரல் அடிக்கும், அப்போது இதன் அருமை தெரியும். வாங்குவதென்றால் நான்கு பக்கமும் வலை ஜன்னல் இருக்கிறதைப் பாருங்கள். மழை இல்லாத இரவில் மேலே போர்த்துகிற உறையைக் கழற்றிவிட்டு வெறும் வலையோடு படுங்கள். உடைமுள்ளுக்கு டென்டின் அடித்துணி ஒரு இரவுகூடத் தாங்காது, கீழே கனத்த சாக்கோ படுதாவோ விரித்தே ஆக வேண்டும்.

சாமியானாவும் தகரக் கொட்டகையும் சில கோயில்களில் ஏற்கெனவே இருக்கும். சாமியானா துணி உயரமாக இருந்தால் ஒப்பேற்றலாம். தகரத்தின் கீழே மதியம் இருக்காதீர்கள். அதன்மேல் கிடுகு போட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

| | உச்சி வெயில் | காற்று | இரவு | கொண்டுபோவது, கட்டுவது | உஷாராக இருக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|
| அடர்ந்த மரத்தடி, நார்க்கட்டில் | மிக நன்று | மிக நன்று | கட்டிலை வெளியே இழுத்தால் நன்று | கட்டில் மட்டும் | முள், பட்ட கிளை, இடப்போட்டி |
| கிடுகுப் பந்தல், இரட்டை அடுக்கு | மிக நன்று | உயரமாகப் போட்டால் நன்று | சுமார் | வண்டி, ஆள், முன்பதிவு | தீ |
| தார்ப்பாய் மட்டும் | மோசம் | கட்டுவதைப் பொறுத்தது | சுமார் | மிக எளிது | அனல், ஆடிக்காற்று |
| தார்ப்பாய், கீழே வேட்டி | நன்று | கட்டுவதைப் பொறுத்தது | வேட்டியைக் கழற்றினால் சுமார் | எளிது | ஆடிக்காற்று |
| டென்ட் | பகலில் கூடாது | மோசம் | உறையைக் கழற்றினால் நன்று | எளிது | பகலில் பிள்ளைகள் உள்ளே போவது |

கூரைக்கு அப்புறம்: தண்ணீரா, ஐஸா, விசிறியா?

கூரை சரியாக அமைந்தபின் மிச்சக் காசை எதில் போடுவது என்று பார்ப்போம். இங்கே ஒரு கணக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் தோல்மேல் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் சூட்டைக் கொண்டுபோகும். ஏழு மடங்கு. தெர்மகோல் பெட்டியும் ஐஸ் பாருமாகத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, ஒரு குடம் சாதாரணத் தண்ணீரும் நாலு ஈரிழைத் துண்டும் உடம்பை அதிகமாகக் குளிர வைக்கும்.

துண்டைப் பிழிந்து கழுத்திலும் தோளிலும் போட்டுக்கொள்ள வேண்டும். சொட்டச் சொட்டப் போடத் தேவையில்லை. காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். கை, முழங்கால் வரை கால், முகம் ஆகியவற்றை அடிக்கடி நனைத்துக்கொண்டு காற்று வருகிற பக்கம் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது. தடித்த டர்க்கி டவல் சரிப்படாது. அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மேலே போர்வைபோலக் கிடக்கும்.

குடிதண்ணீருக்கு மண்பானை. சேரன்மாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகிறவர்களுக்குப் பாதையிலேயே பத்தமடையும் காருகுறிச்சியும் வருகின்றன. பாயையும் பானையையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிய பிறகுதான் குடிக்க ஊற்ற வேண்டும், ஆகவே கடைசி நேரத்தில் வாங்கிப் பயனில்லை. பானையை ஈர மணல்மேல், நிழலில், காற்று படுகிற இடத்தில் வையுங்கள். சுற்றி ஈரத்துணி கட்டினால் இன்னும் நல்லது. மூலையில் சாமான்களுக்கு நடுவே ஒளித்துவைத்த பானை குளிராது, காற்றுதான் அதைக் குளிர வைக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் நான்கு லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கவும் நனைக்கவும் தனி. கோயில் கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா, குடிக்க ஆகுமா என்று ஊர்க்காரரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் தண்ணீர் வண்டிதான் உங்கள் முதல் செலவு, பந்தல்கூட அதற்கு அப்புறம்தான்.

ஐஸுக்கு வேறு வேலை இருக்கிறது: பால், மருந்து, தயிர். இன்சுலின் போடுகிறவர் இருந்தால் ஐஸ் பெட்டி கட்டாயம், ஆனால் மருந்து ஐஸை நேராகத் தொடக் கூடாது, உறைந்தால் வீண். மீனுக்குப் போடுகிற ஐஸ் பாரை உடைத்து மோரில் போடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் வெயிலில் அதைவிடக் கேடு இல்லை.

பேட்டரி விசிறிகளில் யூஎஸ்பியில் ஓடுகிற சின்ன வகை ஏறக்குறைய 4 வாட் எடுக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் காகிதக் கணக்குக்கு 37 வாட்-மணி இருக்கும். வழியில் போகிற நஷ்டம் போக ஆறு, ஏழு மணி நேரம் ஓடும். ஆக ஒரு ஆளுக்கு ஒரு இரவு. கொசுவலைக்குள் படுக்கிற பெரியவருக்கும் கைப்பிள்ளைக்காரிக்கும் இது உண்மையிலேயே உதவும், இரண்டு வாங்கிக்கொள்ளலாம். பகலில் அதை நம்பி எதுவும் செய்ய முடியாது. காற்றே உடம்பைவிடச் சூடாகி 40 டிகிரியைத் தாண்டினால் காய்ந்த தோல்மேல் விசிறி அனலைத்தான் அடிக்கும், நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் பலன். பனையோலை விசிறிக்கும் இதே விதிதான். ஆனால் அதற்குச் சார்ஜ் வேண்டாம், ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள்.

குடிக்கப் பானகமும் நீர்மோரும் முதல் தரம். உப்பும் உள்ளே போக வேண்டும், வெறும் தண்ணீரே குடித்துக்கொண்டிருந்தால் போதாது. பங்குனியிலேயே நுங்கும் பதநீரும் வரத் தொடங்கிவிடும். காலையில் இறக்கின பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். கலர் பாட்டில்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர்ப் பக்கம் என்று பார்த்து

நாங்குநேரி, சாத்தான்குளம், கயத்தாறு போன்ற உள்நாட்டுச் சமவெளியில் காற்று வறண்டது. அங்கே ஈரத்துண்டும் பானையும் அற்புதமாக வேலை செய்யும். கூரைதான் பிரச்சினை, மரம் குறைவு. கிடுகுக்குக் காசு போடுங்கள். முடியாதென்றால் தார்ப்பாயும் வேட்டியும்.

கடலோரத்தில், உவரி, மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கம், வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி குறைவாகக் காட்டும், ஆனால் பிசுபிசுவென்று புழுங்கும். துண்டு காயாது, பானையும் பெயருக்குத்தான் குளிரும். அங்கே மதியம் ஏறுகிற கடற்காற்றுதான் மருந்து. கூரைக்குக் கீழே கடல் பார்த்த பக்கத்தை எதுவும் மறைக்காமல் திறந்து வையுங்கள். தேரியில் இருக்கிற அய்யனார் கோயில்களுக்குப் போகிறவர்கள் செம்மணலைக் கணக்கில் எடுக்க வேண்டும். பதினோரு மணிக்கு மேல் வெறுங்காலில் நிற்க முடியாது, மணலின் வெக்கை பக்கவாட்டிலிருந்தும் அடிக்கும். நிழல் விழுகிற இடத்தைத் தாண்டி நாலடிக்குத் தண்ணீர் தெளித்துவைத்தால் அந்த வெக்கை அடங்கும். வாங்கினதுபோலவே மணல் சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும் என்பதால் இரவில் படுக்க அதைவிடச் சுகமான இடம் இல்லை.

மலையடிவாரத்தில் ஆறு இருக்கிறது, மரம் இருக்கிறது. பந்தலும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஆனால் சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதிக்கிற நாட்களில், அனுமதிக்கிற இடத்தில் மட்டும்தான் தங்கலாம். பிளாஸ்டிக்குக்குத் தடை. தார்ப்பாய், டென்ட் இரண்டையும் உள்ளே விடுவார்களா என்று புறப்படுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குடிலுக்கென்று காட்டு மரத்தில் ஒரு கிளை ஒடிக்கக் கூடாது. தாமிரபரணியில் குளித்தால் உடம்புச் சூடு நிமிஷத்தில் இறங்கிவிடும், மதியம் ஒரு முக்கால் மணி நேரம் முழங்கால் தண்ணீரில் நிழலாக உட்கார்ந்திருப்பதற்கு ஈடான ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனால் பாறைக்கு நடுவே திடீர் ஆழம் உண்டு, அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும், ஆகவே ஊர்க்காரர் குளிக்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். கட்டின துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சோப்பும் ஷாம்பும் வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள்.

யாரை மதியம் அங்கே வைத்திருக்கக் கூடாது

எழுபதைத் தாண்டினவர்கள், ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், நீர் பிரிய மாத்திரை எடுக்கிறவர்கள். இவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. மாத்திரை அளவை வெயிலுக்கு மாற்ற வேண்டுமா என்று புறப்படுமுன் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அங்கே யாராவது பேச்சுக் குழறினாலோ, கூப்பிட்டால் மலங்க மலங்க விழித்தாலோ, தொட்டால் நெருப்பாகக் கொதித்தாலோ அது சாதாரண மயக்கம் இல்லை, வெப்பத்தாக்கு. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருகிறவரை சும்மா இருக்கக் கூடாது: நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விடாமல் விசிறுங்கள். நினைவு தவறினவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். செல்போனுக்கு எங்கே சிக்னல் கிடைக்கிறது, ஆம்புலன்ஸ் எதுவரை வர முடியும் என்று முதல் நாளே ஒருவர் நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க முடியாது, கொடையும் உத்திரமும் அவர்களுக்காகத்தான் பாதி. அப்படியென்றால் ஐந்தாவது வழி ஒன்று இருக்கிறது. வள்ளியூரிலோ அம்பாசமுத்திரத்திலோ திருச்செந்தூரிலோ, கோயிலுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே ஒரே ஒரு அறை எடுங்கள். விடியற்காலம் ஆச்சியைக் கூட்டிவந்து பொங்கல் விட்டு, ஒன்பதரைக்குள் அறைக்கு அனுப்பிவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி அழைத்து வரலாம். நள்ளிரவில் நடக்கிற சாமக்கொடைக்கும் இருப்பார்கள். இரண்டு மூன்று முறை போய்வருகிற கார் செலவும் அறை வாடகையும் சேர்த்தால் நல்ல டென்ட் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வரும். கையில் இருப்பது அந்த ஒரு தொகைதான் என்றால் டென்டை விட்டுவிட்டு அறையை எடுங்கள். மற்றவர்களுக்குத் தார்ப்பாயும் பழைய வேட்டிகளும் போதும்.